மூன்றாவது தடவை வரட்டும்

எனக்கு ஒரு விரலால்தான் தட்டத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட அவசரத்தில் விழுந்தது இல்லை. குழுவின் தலைவர் ஜம்புநாதன் விளக்கம் கேட்டார். எழுதுகிறேன்.

என் பெயர் மாரிசாமி. ஐந்தாவது வரை படித்தவன். ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்தாறு வருஷம் கேட்டில் காவலுக்கு நின்றேன். மனைவி போனபிறகு மகன் ஜெயபிரகாஷ் என்னை அமெரிக்காவில் எடிசனுக்குக் கூட்டிவந்துவிட்டான். நல்ல வீடு. ஹீட்டரை மட்டும் நான் தொடக்கூடாது. போன் அடித்தால் எடுக்கக்கூடாது. யாராவது கதவைத் தட்டினால் திறக்கக்கூடாது. சனிக்கிழமை நம் ஊர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போகலாம் என்பார்கள். நான் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பேன். மருமகள் சண்முகப்ரியா மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "மாமா, அதுக்குள்ள ரெடியாயிட்டீங்களா? கிளம்ப ஒன் அவர் ஆகும்," என்பாள். கோட்டோடு உட்கார்ந்திருப்பேன். அது ஒன்றும் பெரிய குறை இல்லை. இந்த வீட்டில் நான் எல்லாருக்கும் காத்திருந்தேன், எனக்கு யாரும் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

2006 ஏப்ரலில் ஜெயபிரகாஷ் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தான். நீங்கள் எல்லாரும் ஊருக்கு ஒருவராக உட்கார்ந்து தமிழுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்வது. புதிதாகச் சேருகிறவர்களின் முதல் கடிதம் நேராகக் குழுவுக்குப் போகாது. யாராவது படித்துப் பார்த்துத் திறந்துவிட வேண்டும். அதற்கு மட்டுறுத்துநர் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். என் வாயில் அது நுழையவில்லை. நான் கேட் என்றுதான் சொல்வேன். என் மகனுக்கும் ஜம்புநாதனுக்கும் ஆபீஸ் வேலை சரியாக இருந்தது. கடிதங்கள் குவிந்து கிடந்தன.

"சும்மாதானப்பா இருக்கீங்க. நல்ல லெட்டரா இருந்தா அப்ரூவ் பண்ணுங்க, குப்பைன்னா டிலீட் பண்ணுங்க."

"எவன் நல்லவன், எவன் திருடன்னு பாக்கணும். அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"அது நான் பாத்த வேலைதான்."

முதல் மாதம் வந்ததையெல்லாம் திறந்துவிட்டேன். அதில் ஒரு பெண் பேரில் ஒரு கடிதம். புருஷனுக்கு ஆபரேஷன், உதவி செய்யுங்கள் என்று அழுதிருந்தாள். உங்களில் நாலைந்து பேர் உதவியும் செய்தீர்கள். பெண்ணும் இல்லை, புருஷனும் இல்லை, எவனோ ஒரு ஏமாற்றுக்காரன். எந்த மடையன் இதைத் திறந்துவிட்டது என்று குழுவிலேயே எழுதினீர்கள். அந்த மடையன் நான்தான். ஜெயபிரகாஷ் தன் தவறு என்று எழுதி மூடிவிட்டான்.

மில்லிலும் எனக்கு இப்படி ஒன்று நடந்தது. வேலை கேட்டு வந்த ஒருத்தனை முகத்தைப் பார்த்து உள்ளே விட்டேன். அவன் மோட்டாரின் செம்புக் கம்பியை உருவிக்கொண்டு போய்விட்டான். எனக்குப் பதினைந்து நாள் சஸ்பெண்டு. அதன்பிறகு கேட்டுக்கு வருகிறவனை இரண்டு தடவை திருப்பி அனுப்புவேன். மூன்றாவது தடவை வந்தால் திறப்பேன். திருடன் மூன்றாவது தடவை வரமாட்டான், வேறு கேட்டுக்குப் போய்விடுவான். ரிட்டையர் ஆகும்வரை ஒரு ஆணிகூடக் களவுபோகவில்லை.

அதையே இங்கேயும் செய்தேன். மூன்று தடவை எழுதுகிறவனுக்குத் திறப்பது. கடிதம் வந்ததும், "கிடைத்தது, விரைவில் பார்க்கப்படும்" என்று மெஷினே ஒரு பதில் போட்டுவிடும். அவர்கள் காத்திருப்பார்கள். பத்து நாள், இருபது நாள். "இந்தக் குழுவில் உயிரோடு யாராவது இருக்கிறீர்களா, அல்லது எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். அது அவனுடைய மூன்றாவது கடிதம், ஆகவே திறந்துவிட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. ஜம்புநாதன் சான் ஹோசேயிலிருந்து போனில், "அங்கிள், நீங்க செம ஸ்ட்ரிக்ட். குப்பை வர்றதே நின்னுபோச்சு. இப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க," என்றார். அன்றைக்கு நான் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை பர்வதம் என்ற அம்மாவின் முதல் கடிதம் வந்தது. டெக்சாஸ், ரிச்சர்ட்சனிலிருந்து எழுதியிருந்தார். கணவர் வெங்கடாசலத்துக்கு உடம்பு முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை, வலது கையில் ஒரு விரல் மட்டும் அசைகிறது. உங்கள் குழு செய்த மென்பொருள் ஒன்று இருக்கிறதே, திரையில் அ, ஆ என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக மினுக்கும், வேண்டிய எழுத்து வரும்போது ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அதில்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். மகள் கண்மணிக்கும் அவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. அவளுக்கு ஒன்று எழுத ஆரம்பித்தார். "கண்மணியிடம் சொல். நான் அன்றைக்கு" என்பது வரை எழுதியிருந்தார். அன்று மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. ஏற்றச் சொல்லிக் கேட்டது, அந்த அம்மா ஏற்றிவிட்டார், அதிலிருந்து எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்.

படித்தேன். வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது வந்தது. அது சின்னக் கடிதம். "டாக்டர் இன்னும் ஒரு வாரம் என்கிறார். உங்கள் குழுவில் எப்படிக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இது கேட்கக்கூடிய இடம் இல்லையென்றால் அதையாவது சொல்லுங்கள், வேறு எங்காவது கேட்கிறேன்." கீழே போன் நம்பர் இருந்தது.

மரியாதையான கடிதம். இன்னும் ஒன்று வரட்டும் என்று வைத்தேன்.

மூன்றாவது வரவில்லை. முதல் கடிதத்திலிருந்து பதினைந்தாம் நாள் நூர் முகம்மதுவின் கடிதம் வந்தது. அவர் பழைய உறுப்பினர், கேட்டில் நிற்க வேண்டியதில்லை, நேரே குழுவுக்கு வந்துவிட்டது. நீங்கள் எல்லாரும் படித்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். அவரும் ரிச்சர்ட்சன்தான், பக்கத்துத் தெருவில் வெங்கடாசலம் வீட்டுத் துக்கத்துக்குப் போனாராம். கட்டில் பக்கத்தில் லேப்டாப் திறந்தே கிடந்தது, திரையில் நம் மென்பொருள், கட்டம் கட்டமாக. அவர் செட்டிங்கில் ஒரு டிக் போட்டு மறுபடி திறந்தார். இரண்டு நிமிஷம். கட்டமெல்லாம் எழுத்தாகிவிட்டது.

அந்தக் கட்டங்கள் எழுத்துகள்தானாம், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த மனிதர் எழுத்தைப் பார்க்க முடியாமலேயே, எத்தனையாவது கட்டம் எந்த எழுத்து என்று மனசுக்குள் எண்ணி எண்ணி அழுத்திக்கொண்டு இருந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் பக்கம் நிறைய. அந்த அம்மா தினமும் காலையில் அந்தக் கட்டங்களைக் குப்பை என்று அழித்துவிட்டு, புதுப் பக்கம் திறந்து வைத்திருக்கிறார். கடைசி நாள் பக்கம் மட்டும் மிச்சம். அதில் "போதும்" என்று ஒரு வார்த்தை இருந்தது.

அழித்தது நான் இல்லை. இதையும் நீங்கள் கவனத்தில் வைக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஜெயபிரகாஷ் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றான்.

"அப்பா, பர்வதம்னு ஒரு லெட்டர் வந்துச்சா?"

"ரெண்டு வந்துச்சு."

"ரெண்டா? படிச்சீங்களா?"

"படிக்காம எந்த லெட்டரய்யா வச்சிருக்கேன்?"

"அப்புறம் ஏன்ப்பா விடல?"

"மூணாவது வரலையே."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்கு மேலே சுவரைப் பார்த்தான். அங்கே ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருக்கிறது. மே மாதம் இந்த மெஷினிலும் இதே மாதிரி கட்டம் வந்தது. அவன்தான் டிக் போட்டுச் சரிசெய்தான். மறந்துவிடக்கூடாது என்று எங்கே போக வேண்டும், எதை அழுத்த வேண்டும் என்று அவன் சொல்லச் சொல்ல நான் எழுதி ஒட்டிக்கொண்டேன். நாலு வரி. என் கையெழுத்து.

ஆமாம், பதில் எனக்குத் தெரியும். அந்த அம்மாவின் கடிதத்தை இரண்டு தடவையும் அந்தத் தாளுக்குக் கீழே உட்கார்ந்துதான் படித்தேன். ஏமாற்றுக்காரி என்று நினைத்துவிட்டேன் என்று எழுதினால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், என் மகனும் அப்படித்தான் எழுதச் சொன்னான். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் வரியிலேயே உண்மை என்று தெரிந்துவிட்டது. கேட்டில் இருபத்தாறு வருஷம் நின்றவனுக்கு அது தெரியாமல் போகாது. உண்மையாகவே கஷ்டப்படுகிற ஒருவர் எனக்காகக் காத்திருக்கிறார் என்று அந்த இரண்டு வாரமும் எனக்குத் தெரியும். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். ஆனாலும் முறையை நான் மாற்றவில்லை. ஒருவருக்குத் தளர்த்தினால் அப்புறம் அது கேட்டே இல்லை.

என்னை நீக்கிவிட்டீர்கள். சரிதான். விளக்கம் கேட்டுவிட்டு நீக்கியதால், இதை அனுப்புவதற்கு நான் புதிதாகச் சேர வேண்டி வந்தது. புது ஆள் என்பதால் என் கடிதமும் காத்திருக்கும் என்றார்கள். முதல் தடவை அனுப்பி பதினெட்டு நாள் ஆகிறது. விரைவில் பார்க்கப்படும் என்று பதில் வந்தது. இப்போது கேட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஜெயபிரகாஷ் என்னோடு பேசுவதில்லை, அவனிடம் கேட்க முடியாது.

இதையே மறுபடி தட்டி இரண்டாவது தடவையாக அனுப்புகிறேன். எனக்கு வருத்தம் இல்லை. முறை என்றால் முறைதான். மூன்றாவது தடவையும் அனுப்புவேன்.

அந்த அம்மாவும் அனுப்பியிருக்கலாம்.