நல்லாப் பாத்துச் சொல்லுங்க

ஆடாமல் உட்காருங்கள். மூக்கில் உறுத்தினால் சொல்லுங்கள். இது சோதனைக்கு மாட்டுகிற சட்டம், உங்கள் கண்ணாடி இவ்வளவு கனக்காது. எங்கள் வீட்டில் உப்பு எப்போதும் சரியாக இருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது கதவை அறைந்துகொண்டு போன அம்மையார், “நீங்க செஞ்சது கொலைங்க” என்று சொன்னது உங்கள் காதில் விழுந்திருக்கும். விழாத மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள், நாகரிகமானவர். ஆனால் கையிலிருக்கும் கைக்குட்டை படாத பாடு படுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. யாரும் சாகவில்லை. என் மனைவி வீட்டில் சௌக்கியமாக இருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவளே இந்த போனுக்குக் கூப்பிடுவாள், வேண்டுமானால் நீங்களே பேசிப் பாருங்கள்.

அந்த அம்மையார் சமையல் புத்தகம் எழுதுகிறவர். அவருடைய புத்தகத்தை என் மனைவிக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். கடையில் இரண்டு புத்தகம் இருந்தன, இது மலிவாக இருந்தது. பின் அட்டையில் அவருடைய படம். முழங்கைவரை சட்டைக் கையை மடித்துவிட்டு, கையில் மரக்கரண்டியோடு, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்தே அறியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

அதற்கு முன்பெல்லாம் என் மனைவி சமைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். முதல் வாய் நான் சாப்பிடும்வரை கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைக்க மாட்டாள். நான் தலையாட்டியதும் உட்காருவாள். தலையாட்டாமல் இருக்க ஒருநாளும் காரணம் கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம். அவள் நாக்கு அப்படி. மாடி வீட்டு அக்கா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வருவார்.

“இந்தாடி, இதுல என்ன கொறையுதுன்னு பாரு.”

இவள் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைப்பாள். “உப்பு சரியா இருக்குக்கா. தக்காளிய ஒரு கொதி முன்னாடியே எறக்கிட்டீங்க.”

“உனக்கு இருக்கறது நாக்கா, தராசா?”

“உங்க வாய்க்கு முன்னாடி என் நாக்கெல்லாம் எம்மாத்திரம்க்கா.”

புத்தகம் வந்தபிறகு முதல் வாயை அவளே சாப்பிட ஆரம்பித்தாள். சாப்பிட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையிலிருந்த முகத்தைப் பார்த்தாள்.

அட்டைக்குக் கண்ணாடித்தாள் போட்டாள். எங்கள் கல்யாண ஆல்பம் முதுகு கழன்று பீரோவுக்கு மேலே கிடக்கிறது, அதற்கு யாரும் எதுவும் போடவில்லை. வீட்டில் எதற்கெடுத்தாலும் மேடம். மேடம் கேரட்டைத் தோல் சீவ வேண்டாம் என்கிறார். மேடம் முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போடச் சொல்கிறார். ஒருநாள் நான் பசியோடு வந்து சமையலறை வாசலில் நின்றேன்.

“இன்னும் ஆகலையா?”

“வெங்காயத்த அவசரப்படுத்தக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க.”

“புருஷனக் காக்க வைக்கலாம்னு எந்தப் பக்கத்துல சொல்லியிருக்காங்க?”

“அதெல்லாம் எழுதணுமாங்க? சமைக்கிறவளுக்குத் தன்னால தெரியும்.”

எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறாமை பிடித்தவனுக்குச் சிரிப்பு வராது.

பிறகு அவள் அந்தப் புத்தகத்தில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தாள். பீன்ஸ் சூப்புக்குப் போட்டிருந்த உப்பு இரட்டிப்பு என்றாள். எல்லோரும் தங்கள் கைமேல் பழியைப் போட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். இவள் பதிப்பகத்துக்கு போன் போட்டுச் சொன்னாள். மறுநாள் அம்மையாரே கூப்பிட்டார். மகளும் கேட்கவேண்டும் என்று இவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“ஊரே வாங்கிச்சும்மா அந்தப் புத்தகத்த. தப்புன்னு சொன்ன ஒரே ஆளு நீதான். அடுத்த புத்தகத்துக்கு எனக்கு உன் நாக்கு வேணும். தெனமும் என் சமையலறைக்கு வந்துடு. முதல் பக்கத்துல உன் பேரு போடுறேன். எதுக்கும் ஒருநாள் வந்து ருசி பாத்துக் காட்டிட்டுப் போ, என் ஆளுங்க வாயை அடைக்கணும்.”

போனை வைத்தபோது என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பழக்கமானதுதான். பார்வை மங்கியே வளர்ந்த பிள்ளை முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஜன்னல் வழியே பார்க்கும். மரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது என்று அப்போதுதான் அதற்குத் தெரியும். அந்த நேரத்தில் வருகிற முகம். இந்த நாற்காலியில் உட்கார்ந்த எத்தனையோ பேருக்கு நான் அதைக் கொடுத்திருக்கிறேன். என் மனைவிக்கு அதைக் கொடுத்தது வேறொருவர்.

இப்போது கடைசி வரியைப் பாருங்கள். இதுவா? சரி. இதுவா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டாவதுதான் தெளிவு என்கிறீர்கள். இரண்டு தடவையும் நான் போட்டது ஒரே லென்ஸ். வருத்தப்பட வேண்டாம், எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆள் பார்த்துச் சொல்கிறாரா, குத்துமதிப்பாகச் சொல்கிறாரா என்று தெரிந்துகொள்ள நாங்கள் செய்கிற சோதனை இது. இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். ஒரே கேள்வியை இரண்டாம் முறை அன்பாகக் கேட்டால், மனிதர்கள் தங்கள் கண்ணை விட்டுவிட்டுக் கேட்கிறவன் குரலைப் பிடித்துக்கொள்வார்கள்.

அம்மையார் கூப்பிட்ட அன்று ராத்திரி சூப் அருமையாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கரண்டியை மெதுவாக வைத்தேன்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்லையே.”

“உப்பா?”

“உனக்கு எப்படித் தெரியுது?”

இவ்வளவுதான் கேட்டேன். குறை என்று சொல்லவில்லை, அதிகம் என்றும் சொல்லவில்லை. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவள் மறுபடி ருசி பார்த்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்றாள். “அப்ப சரியாத்தான் இருக்கும்,” என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைத்து எழுந்தேன். அடுத்த நாளும் அப்படியே. ஓரிரு தடவை அவள் திரும்பி நின்றபோது பாத்திரத்தில் ஒரு சிட்டிகை போட்டதுண்டு. அப்புறம் அதற்கும் அவசியம் இருக்கவில்லை. “போன வாரம் காய்ச்சல் அடிச்சுதே, அதுல நாக்கு ஏதும்...” என்று பாதியில் நிறுத்தினேன். மீதியை அவளே நிரப்பிக்கொண்டாள்.

இடையில் மகள்தான் கொஞ்சம் சிரமம் கொடுத்தாள். “அம்மா, நல்லாத்தான் இருக்கு. அப்பாவுக்குத்தான் வாய் சரியில்ல,” என்றாள். குழந்தைகள் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். நான் கோபப்படவில்லை. அவளைப் பக்கத்தில் இழுத்து உச்சி முகர்ந்தேன். “அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற பாரு, நீதான் என் தங்கம்,” என்றேன். என் மனைவி கரண்டியைப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன்பிறகு மகள் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் கண் கலங்கியது.

மாடி வீட்டு அக்கா கிண்ணத்தோடு வந்தால், “தலைவலிக்கா, இன்னைக்கு வேணாம்” என்று சொல்லி அனுப்பினாள்.

அம்மையார் வீட்டுக்கு நானும் துணைக்குப் போனேன். அந்த நிலைமையில் அவளைத் தனியே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. பெரிய சமையலறை, ஜன்னல் பக்கம் நீளமான மேசை, ஏப்ரன் கட்டிய நாலைந்து பேர் சுவரோரம் கைகட்டி நின்றார்கள். அம்மையார் மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் சூப் ஊற்றி வைத்தார். “எதுல உப்பு கம்மின்னு சொல்லும்மா,” என்றார். என் மனைவி ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி எடுத்தாள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அந்த மேசைக்கு முன்னால் நின்றதும் பழைய ஆளாகிவிட்டாள்.

“மூணும் ஒண்ணுதாங்க மேடம்.”

அம்மையாருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

“நல்லாப் பாத்துச் சொல்லும்மா,” என்றேன் நான், வாசலில் இருந்து. வேறொன்றும் சொல்லவில்லை.

அவள் திரும்பினாள். கையில் கரண்டியை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். புத்தகம் வருவதற்கு முன்னால் பார்ப்பாளே, அதே மாதிரி. எவ்வளவு காலமாயிற்று. நான் தலையாட்டவில்லை.

“நடுவுல இருக்கறது... கம்மியோ?”

“நிச்சயமாவா?” என்றார் அம்மையார்.

“இல்ல மேடம், கடைசி. கடைசிதான்.” கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டாள். “எனக்குத் தெரியலங்க,” என்றாள். அதை அம்மையாரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். புத்தகத்தைப் பரணில் போட்டதும் அவளேதான்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வம்புமில்லை. சமைத்ததும் ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விட்டுவிட்டு நிற்பாள். நான் சரி என்றால்தான் அடுப்பிலிருந்து இறங்கும். நான் கடையில் இருக்கும்போது இந்த போனில் கேட்பாள். போனில் உப்பு எப்படித் தெரியும் என்று யோசிக்கிறீர்கள். அவளும் முதலில் அதைத்தான் கேட்டாள். இப்போது கேட்பதில்லை. வர வர உப்போடு நிற்கவில்லை. பால் திரிந்திருக்கிறதா, வெளியே குளிர்கிறதா, அடுப்பை அணைத்தோமா, எல்லாம் என்னைத்தான் கேட்கிறாள். போன வாரம், “நான் சாப்ட்டேனாங்க?” என்று கேட்டாள். சாப்பிட்டாய் என்றேன். சரி என்று படுத்துக்கொண்டாள். ஆள் கொஞ்சம் இளைத்திருக்கிறாள், அது வயதுக்கு நல்லதுதான்.

இன்று அம்மையார் எதற்கு வந்தார் என்றால், அந்தப் புத்தகம் இன்னும் முடியவில்லையாம். யாரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னாலும் மூன்று கிண்ணத்தில் ஒன்றைக் காட்டிக் கம்மி என்கிறார்களாம். என் மனைவியை விசாரிக்கத்தான் வந்தார். நீங்கள் நாற்காலியில் இருந்ததால் கதவருகே காத்திருந்தார். முதல் வரியைக் காட்டி நான் உங்களிடம் “இதுவா, இதுவா, நல்லாப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்டு, அதே லென்ஸை எடுத்து மறுபடி போட்டதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். பார்வை நல்ல கூர்மை. அவருக்கு என் தயவு தேவைப்படாது.

“அன்னைக்கு மூணு கிண்ணமும் ஒரே பானையிலேருந்து ஊத்தினது,” என்றார். “மூணும் ஒண்ணுன்னு சொல்றதுக்குத்தான் தைரியம் வேணும். அவ சொன்னா. அவ சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

நீங்களும் அதைத்தான் கேட்க நினைக்கிறீர்கள். தெரியும். கிண்ணங்களை மேசையில் வைத்தபோதே தெரியும். நான் தினமும் செய்கிற வேலை எனக்குத் தெரியாமல் போகுமா? அவள் பதில் சரி என்று தெரிந்துதான் நல்லாப் பார்க்கச் சொன்னேன். தப்பாக இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

அவரிடமும் இதையேதான் சொன்னேன், கொலை என்று சொன்னது அதற்குத்தான். பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்துக் காட்டினார், சூப்பாம். “இப்பவே உங்க வீட்டுக்குப் போறேன். நீங்க பக்கத்துல இல்லாம அவகிட்டக் கேக்கறேன்,” என்றார். தாராளமாகப் போங்கள் என்று வழியும் சொன்னேன். அடுத்த தெருதான், பச்சைக் கேட். எனக்கு அதில் பயமே இல்லை. என் மனைவி ஒரு வாய் குடிப்பாள். பதில் சொல்ல மாட்டாள். போனை எடுத்து என்னைக் கேட்பாள்.

கழற்ற வேண்டாம், இன்னும் இடது கண் பாக்கி. அவர் போய்ச் சேர்ந்திருப்பார். குடித்தும் இருப்பாள். மணி அடிக்கவில்லை, இல்லையா? இந்த போன் சில நேரம் இப்படித்தான் மக்கர் செய்யும். ஒரு நிமிஷம், காதில் வைத்துப் பார்க்கிறேன்.

கொர்ரென்று டயல் டோன் வருகிறது. நன்றாகத்தான் வருகிறது.

நீங்களும் கொஞ்சம் காதில் வைத்துப் பாருங்கள். நல்லாக் கேட்டுச் சொல்லுங்கள்.