பெட்டி மேல என் பேரு

ஹலோ... ஹலோ, அண்ணா?... ஆங், ஹேமாதான். கேக்குதா?... தறிக் கொட்டாயில நின்னுகினு பேசறேன், அதான் இவ்ளோ சத்தம்... இல்லண்ணா, வெளிய வரமுடியாது. முன்னாடி ரூம்ல ரெண்டு பேரு ஒக்காந்துகினு இருக்காங்க. வெளிய வந்து பேசினா அவுங்க காதுல உழும்.

திருத்தணியில சாமி பாத்தாச்சா?... சரி, சரி, அத உடு. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. புள்ளைக்கு மொட்டை போட்டு சந்தனம் தடவினீங்களே, அத போட்டோ எடுத்து யாருக்காச்சும் அனுப்பினியா?... அண்ணி?... கேட்டுச் சொல்லு. இப்பவே கேளு...

யாருமே எடுக்கலையா? அம்மாவும் எடுக்கலையா?... ஐயோ.

ஒண்ணுமில்ல... இல்லண்ணா, இருக்குது. சொல்றேன், கத்தாத. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் போன்ல காட்டினான். நம்ம கதிரவன். மொட்டத்தல. அண்ணி தோள்ல சாஞ்சி அழுதுகினு இருக்கான். அண்ணி அந்த ஊதாப் பொடவதானே கட்டிகினு வந்துச்சு?... ஆங். அதேதான். "கியூட் பேபி"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கிறான்ணா.

திரும்பாத! சுத்திச் சுத்திப் பாக்காத. எவனோ ஒருத்தன் அங்க உங்கள பாத்துகினு இருக்கான்... கூட்டம் இருக்குதில்ல? கூட்டத்துலயே நில்லு. புள்ளைய நீ வாங்கிக்கோ. அம்மாவ உடாத.

யாருன்னு எனக்கு எப்டித் தெரியும்? ஒருத்தன் டெல்லிக்காரன் மாதிரி இருக்கான். இந்தியும் இங்கிலீசும் பேசறான். இன்னொருத்தன் வெளிநாட்டுக்காரன், வாயே தொறக்கல, சும்மா என்னியே பாத்துகினு இருக்கான். ஸ்வீட்டு பாக்ஸ் கொண்டாந்துகீறாங்க. நைனாவுக்கு ஒண்ணும் புரியல. எக்ஸ்போர்ட் பார்ட்டின்னு நெனச்சிகினு ஒவ்வொரு லுங்கியா விரிச்சிக் காட்டிகினு இருக்குது... ஆமாம், காப்பி குடுத்தாச்சு. காப்பி போடறேன்னு சொல்லிட்டுதான் உள்ள வந்தேன் மொதல்ல. இப்ப தறியப் பாக்குறேன்னு சொல்லிட்டு வந்துகீறேன்.

இல்லண்ணா, சண்டைக்கு வரல. அதாண்ணா எனக்கு பயமாயிருக்குது. பாராட்ட வந்துகீறாங்க. "உங்க சரக்கு ரொம்ப நல்ல சரக்கு, ஒரு தோட்டாகூட வெடிக்காம போகல"ன்றான். அது வெளிநாட்டு போலீசுக்கு டிரெய்னிங்குக்குன்னு நாம அனுப்பின தோட்டாவாச்சே, உங்களுக்கு எப்டி தெரியும்னு கேட்டேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினாங்க. அப்புறம் ஒரு வீடியோ காட்டினான்.

இரு, சொல்றேன்... பசங்கண்ணா. பக்கத்து ஊட்டு மோனிஷா கூட ஸ்கூலுக்குப் போற வயசு. தோள்ல துப்பாக்கிய மாட்டிகினு பெட்டி தூக்கினு போறாங்க. பின்னாடி கூரையெல்லாம் எரியுது. பெட்டி கேமராகிட்ட வந்துச்சி. ஸ்டிக்கர் தெரிஞ்சிது. ஹேமாவதி சப்ளையர்ஸ், பொதட்டூர்பேட்டை. நான் டிசைன் பண்ணி, திருத்தணியில அச்சடிச்சி, நம்ம புரோக்கர் விஷ்ணு பையில வெச்சி அனுப்பின ஸ்டிக்கரு. எம்பேருண்ணா.

போலீசுக்குப் போகல. போலீச சுடறவங்களுக்குப் போயிகீது. ஊரக் கொளுத்துறவங்களுக்குப் போயிகீது.

ஹலோ?... ஏன் பேச்ச மாத்துற?... அண்ணா, உனக்குத் தெரியுமா?

தெரியுமான்னு கேட்டேன்... எப்பலர்ந்து?... விஷ்ணு சொன்னானா? எப்ப சொன்னான்?... பொங்கலுக்கா? பொங்கலுக்கே தெரியுமா? அதுக்கப்புறம் என்கூட ஒக்காந்து சாப்ட்டியே... கொஞ்சம் சத்தமா பேசு, தறி சத்தத்துல எனக்கு...

ஐயோ. கரண்ட்டு போச்சு, தறி நின்னுடுச்சு.

...பேசாத. பேசாத, எல்லாம் கேக்கும்...

ஆங், சொல்லு காஞ்சனா! ஆமாண்டி, கரண்ட்டு இப்பதான் போச்சு! பச்ச கலர் முடிஞ்சிடுச்சி, நாளைக்கி வா, எடுத்து வெக்கிறேன்! அம்மாவா? அம்மா திருத்தணிக்குப் போயிகீது... ஆங்... ஆங், சரி, சரிடி...

எட்டிப் பாத்தான்ணா, அதான் காஞ்சனாகூட பேசற மாதிரி நடிச்சேன். அந்த வாய் தொறக்காதவன். கதவாண்ட நின்னு என்னையும் போனையும் பாத்துட்டுப் போனான். மெதுவாதான் பேசுவேன், காத வெச்சி கேளு.

நமக்கு இன்னாண்ணா கொறச்சலு? ஜெயிலுக்குப் பெட்ஷீட்டு குடுத்துகினு இருந்தோம். பொம்பள பேர்ல கம்பெனி இருந்தா டெண்டர்ல சலுகைன்னு எம்பேர வெச்சீங்க. சரின்னேன். பெட்ஷீட்டு போயி லத்தி வந்துச்சு, அப்புறம் ஹெல்மெட்டு, அப்புறம் கண்ணீர்ப்புகை குண்டு. நம்ம கவர்மெண்டுக்கே குடுக்குறவங்கன்னு காட்டி, விஷ்ணு அந்த நாட்டு கவர்மெண்டோட தோட்டா டெண்டரயும் வாங்கிட்டான். அன்னிக்கி பிரியாணி வாங்கியாந்தீங்க. எங்கயோ ஒரு ஃபேக்டரி, எங்கயோ ஒரு ஃப்ளைட்டு. ஒரு தோட்டாவ நாம கையால தொட்டதுண்டா? இங்க இந்தக் கொட்டாயில லேப்டாப்ப வெச்சிகினு நீ சொன்ன, நான் டைப் அடிச்சேன். லுங்கி விக்கிற மாதிரியே நெனச்சிகினோம்.

இல்ல, அழல... அழலன்னு சொல்றேன்ல.

இப்ப அவுங்களுக்கு ரெண்டாவது லோடு வேணுமாம். இதவிடப் பெருசு. போலீசுக்குன்னு மறுபடி பேப்பர் போடணுமாம், நான் டிஜிட்டல் கையெழுத்து போடணுமாம். போட மாட்டேன், எங்க அண்ணன் வரட்டும்னு சொன்னேன். அப்பதாண்ணா அந்த போட்டோவக் காட்டினான். "பிரதர் பிஸியா இருக்காரு, பிரதர் ஓகே சொல்லிட்டாரு"ன்றான்.

நீ ஓகே சொன்னியா?... வேற வழியில்லையா?

நீதான் ஊட்டுக்கு வரச்சொன்னியா?

அண்ணா... புள்ளைக்கு மொட்டன்னு எல்லாரையும் கூட்டினு மலைக்குப் போய்ட்டு, என்ன மட்டும் ஊட்ல உட்டுட்டுப் போனதே இதுக்குத்தானா? தறிக்கு ஆள் வேணும், நீ இருன்னு சொன்னியே... மூஞ்சப் பாத்து கேக்க முடியலையா? என் மூஞ்சப் பாத்து கேக்க முடியாம எவனோ ரெண்டு பேர அனுப்பிகீற.

நல்லவங்களா? நல்லவங்கன்னா அந்த போட்டோவ யாரு எடுத்தா? இப்ப உனக்கு ஏன் வாய் கொழறுது?... பாரு. நீயும் பயந்துகினுதான் இருக்க.

போட்டுட்டா உட்டுடுவாங்களா? யோசிச்சிப் பாரு. மொத லோடு தெரியாம போச்சு, ரெண்டாவது தெரிஞ்சே போவும். அப்புறம் மூணாவதுக்கு வரமாட்டாங்களா? இன்னிக்கி போட்டோ காட்டினவன் அன்னிக்கி இன்னா காட்டுவான்?... விஷ்ணுவுக்கு போன் போட்டியா?... ஸ்விட்ச் ஆஃபா? எத்தினி நாளா?... அவன் இருக்கானா இல்லையான்னே தெரியாதா உனக்கு?

ஐயோ கடவுளே.

இல்ல. போட மாட்டேன். நான் சொல்றதக் கேளு. கோயிலாண்ட போலீஸ் நிப்பாங்கல்ல? புள்ளைய தூக்கினு நேரா அவுங்களாண்ட போ. கார எடுக்காத. தனியா கீழ எறங்காத... ஆமாம், உன்ன புடிப்பாங்கதான். புடிச்சா அண்ணியும் புள்ளையும் அம்மாவும் போலீசாண்டதானே இருப்பாங்க? அங்க போட்டோ எடுத்தவன் கைல மாட்ட மாட்டாங்கல்ல?

இரு. நைனாவ வெளிய கூட்டினு வரணும்... கட் பண்ணாத.

நைனா! நைனா, எல்லம்மாக்கா ஊட்டுத் தறியில பாவு நூலு அறுந்துடுச்சாம்! உன்ன கூப்புடறாங்க, அவுங்களால இழை எடுக்க முடியலையாம்! சார், ஒன் மினிட் சார், ஃபாதர் கம்மிங், நீங்க ஸ்வீட்டு சாப்பிடுங்க சார்... வா நைனா, பின்னாடி வழியா போலாம், கிட்டக்க. செருப்பு வேணாம், வா...

அண்ணா... ஆங், வெளிய வந்துட்டோம். சந்துல போய்கினு இருக்கோம். நைனா, வேகமா... இல்ல நைனா, எல்லம்மாக்கா ஊட்டுக்கு இல்ல. அப்புறம் சொல்றேன். ஒண்ணும் கேக்காத, கையப் புடி... வெயில்ல வெறுங்காலோட நடக்குதுண்ணா, பாவம். லுங்கிய தோள்ல போட்டுகினு அப்டியே வந்துடுச்சு. "பார்ட்டி ரெண்டு டிசைன் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க"ன்னு சொல்லிகினு வருது.

நீ நடக்குறியா?... ஆங், நட. நிக்காத.

கார் சத்தம் கேக்குது. நம்ம தெருவுலேர்ந்துதான் வருது... வெள்ள காரு... அவுங்கதாண்ணா! நைனா, ஓடு! ஓடு நைனா, கேள்வி கேக்காத!...

...

இருக்கேன்... மூச்சு வாங்குது... இருக்கேண்ணா. ஆர்.கே.பேட்டை பஸ்ஸு திருப்பத்துல குறுக்க வந்துடுச்சு. காரு அதுக்குப் பின்னாடி ஹாரன் அடிச்சிகினு நிக்குது. டிரைவரு நகர மாட்டேன்றாரு. புண்ணியமாப் போவுது அந்த மனுஷனுக்கு.

போலீஸ் ஸ்டேஷன் போர்டு தெரியுது. ஸ்டேஷனுக்குத்தான். வேற எங்க போவேன்?... நான் உன் பேர மறைக்க மாட்டேன், இப்பவே சொல்லிடறேன். விஷ்ணு பேரயும் சொல்லுவேன். ஆனா மொதல்ல எம்பேருதான். கம்பெனி எம்பேரு, கையெழுத்து எம்பேரு. அந்த ஊரக் கொளுத்தினவங்க தூக்கினு போன பெட்டி மேலயும் எம்பேரு.

போலீசாண்ட போய்ட்டியா?... பக்கத்துலதான் நிக்கிறியா?... பேசு. வாய் வரலன்னா அழுவு, அவுங்களே கேப்பாங்க. கதிரவன் அழுவுறது கேக்குது... அவன் தலைய மூடு, வெயிலு.

நைனா, படி இருக்குது, பாத்து...

ஐயா... ஐயா, வணக்கம்யா. ஒரு நிமிஷம்யா... போன்ல எங்க அண்ணன், இதோ வெச்சிடறேன்... தண்ணி வேணாம்யா, எங்க நைனாவுக்குக் குடுங்க... ஆங், கம்ப்ளெயிண்ட்டுதான்யா...

யார் மேலயா?

எம்மேலதான்யா.