பதினான்காவது பாட்டின் மூச்சு

முதலில் அந்தக் கூரை விசிறியை நிறுத்திவிடுங்கள், மேடம். வேர்க்கும்தான். ஆனால் அதன் ஒரு இறக்கை கோணியிருக்கிறது. சுற்றுக்கு ஒரு 'டக்' விழுகிறது. உங்கள் டேப் ரெக்கார்டர் முதலில் அதைத்தான் பிடிக்கும், என் பேச்சை அப்புறம்தான் பிடிக்கும். அதை ஒரு சாண் என் பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். இப்போது சரி.

என் பெயர் அமாப்லே தெஹேதா. வயது ஐம்பத்தாறு. சாந்தோ தொமிங்கோவில், கஸ்குவே பக்கத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பது வருஷமாக ஒலிப்பதிவாளன். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

காதியோ ஃப்ரியாஸ் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தீவில் மெரெங்கே ஆடிய கால் எதுவானாலும் அவன் பாட்டுக்கு ஒரு தடவையாவது ஆடியிருக்கும். கல்யாணம், திருவிழா, தேர்தல் கூட்டம், எதிலும் அவன் பாட்டுத்தான். என்னைக் கேட்டால் அதெல்லாம் வயிற்றுப்பாட்டுக்குப் பாடியது. ஒவ்வொரு ஆல்பத்திலும் கடைசியாக ஒரே ஒரு மெதுவான காதல் பாட்டு இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கு அது இடம் நிரப்பும் சரக்கு. வாத்தியக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனபின், நானும் அவனும் மட்டும் இருந்து அதைப் பதிவோம். இருபது வருஷம், பதினான்கு ஆல்பம், பதினான்கு பாட்டு. மேளமும் எக்காளமும் இல்லாமல் அந்தக் குரலைத் தனியாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். குரல் அவனுடையதுதான். ஆனால் எந்த வரியை எந்தத் தடவை பாடியதிலிருந்து எடுப்பது, எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது, எல்லாம் என் கை. ஒரு சொல்லின் முதல் பாதி திங்கட்கிழமை பாடியது, மறு பாதி புதன்கிழமை பாடியது என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அந்தப் பதினான்கையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவர வேண்டும் என்பது என் யோசனை. 'மழைநாளுக்கு' என்று பெயர் வைத்ததும் நான்தான். ஒரு வருஷம் அதற்காக உட்கார்ந்தேன். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, நடுவில் எத்தனை நொடி மௌனம் என்பதுவரை வரிசைப்படுத்தினேன். ஒரே ஒரு குறை. பதினான்காவது பாட்டின் தொடக்கத்தில் அவன் மூச்சை நான் அந்தக் காலத்தில் நாடாவை வெட்டி ஒட்டும்போது பிளேடால் சற்று அதிகமாக நறுக்கிவிட்டேன். கேட்பவர்களுக்குத் தெரியாது. எனக்குச் சோற்றில் கல் மாதிரி.

அவனுக்கு ஆஸ்துமா உண்டு. பாடும் அறைக்குள் போகுமுன் சட்டைப்பையைக் காலி செய்யச் சொல்வேன். சாவியும் சில்லறையும் கிலுங்கினால் பதிவு கெடும். எல்லாவற்றையும் என் மேஜைமேல் ஒரு தட்டில் வைப்பான், இன்ஹேலர் உட்பட. இத்தனை வருஷத்தில் நான்கு தடவை அவனுக்கு உள்ளே மூச்சு முட்டியது. நான்கு தடவையும் நான்தான் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் மனைவி நெரெய்தா அதற்காக எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறாள். அவர்கள் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன் நான்.

இந்த ஜனவரியில் அவனுக்குப் பெரிய அளவில் வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த பாஸ்டர் ஒருவர் இவனுக்கும் சேர்த்து ஜெபித்தார். பிழைத்து எழுந்தவன் வேறு ஆள். பிப்ரவரியில் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தான்.

"பதினாலையும் திரும்பப் பாடுறேன்டா. மெட்டு அதேதான். வார்த்த மட்டும் வேற."

"என்ன வார்த்த?"

"'தேவியே'ன்னு வர்ற எடத்துல எல்லாம் 'தேவனே'. பாடிப் பாரு, அச்சா உக்காருது."

பாடிப் பார்த்தேன். உட்கார்ந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பழைய கொரல என்ன பண்றது?"

"அழிச்சிரு. அது மேலயே புதுச பதிஞ்சிரு. ஒரு பிசிறுகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு வாக்குக் குடுத்திருக்கேன்."

"இருவது வருஷ வேலடா இது."

"இருவது வருஷப் பாவம்ங்கிறாரு பாஸ்டர். ஊர்ல எவன் எவன் பொண்டாட்டி எவன்கூட ஓடுனாளோ, எல்லாம் என் பாட்டக் கேட்டுத்தானாம்." சிரித்தான். "நீயும் ஞாயித்துக்கெழம சபைக்கு வாடா, கல்லுளிமங்கா. ஒன் மூஞ்சில சிரிப்ப நான் பாத்ததே இல்ல. கர்த்தர் சிரிக்க வைப்பாரு."

நானும் சிரித்தேன். கோபமெல்லாம் இல்லை. ஒப்பந்தப்படி அந்தப் பாட்டுகளை அவன் என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கம்பெனியும் தலையாட்டிவிட்டது. ஈஸ்டருக்குள் முடிக்க வேண்டும் என்றான். மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை என்று நாள் குறித்தோம். மத்தியானம் ஒன்றரை மணிக்கு வரச் சொன்னேன்.

எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்பது கடிகாரம் மாதிரி. இரண்டு மணிக்குப் போனால் ஆறுக்குத்தான் வரும். என் மேஜை விளக்குக்கும் பதிவுக் கருவிகளுக்கும் பேட்டரி உண்டு. ஏ.சி.க்குக் கிடையாது. பாடும் அறை என்பது ஒரு பெட்டி, மேடம். ஆறடிக்கு எட்டடி. சத்தம் புகாத இடத்தில் காற்றும் புகாது. நடுவில் இரட்டைக் கண்ணாடி. கதவு அரைச் சாண் கனம். அதன் உள்பக்கத்துக் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை கழற்றி வைத்தேன். வியாழக்கிழமை மத்தியானம் வரவேற்பில் இருக்கும் யொகாஸ்தாவைத் துவார்த்தே வீதிக்கு ஒயர் வாங்க அனுப்பினேன். அந்த நேரத்து நெரிசலில் போய் வர மூன்று மணி நேரம் ஆகும்.

அவன் சொன்ன நேரத்துக்கு வந்தான். நெரெய்தா ஒரு தூக்கில் இனிப்புப் பயறு கொடுத்தனுப்பியிருந்தாள், தவக்காலத்துக்கு அவள் செய்வது. "ரெண்டு பேரும் வேலைய முடிச்சிட்டுத் தின்னுங்கன்னா," என்றான். பையைக் காலி செய்தான். சாவி, சில்லறை, சின்ன வேதாகமம், இன்ஹேலர். உள்ளே போனான். நான் கதவைச் சாத்தினேன்.

அழிப்பதற்காக அவன் கேட்ட பழைய நாடாவை நான் ஏற்றவில்லை. வெற்று நாடா ஒன்றை ஏற்றியிருந்தேன். அது அவனுக்குத் தெரியாது. 'தேவனே' என்று மூன்று வரி பாடினான். நன்றாகத்தான் பாடினான். இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கரண்ட் போயிற்று.

"என்னடா, கர்த்தர் வெளக்க அணைச்சிட்டாரு," என்றான். நான் மைக்கில், "கொஞ்சம் பொறு, வந்துரும்," என்றேன்.

பத்து நிமிஷம் நோட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து கதவுப் பக்கம் வந்தான். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டையைப் பார்த்தான்.

"பிடி எங்கடா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"அப்ப நீ வந்து தொற. புழுங்குது."

"வர்றேன்," என்றேன். எழுந்திருக்கவில்லை.

கண்ணாடி வழியாகத் தட்டைச் சுட்டிக் காட்டினான். நான் தட்டைப் பார்த்தேன். இன்ஹேலர் என் வலது கைக்கு அரை முழம் தள்ளி இருந்தது. ஸ்டூலைத் தூக்கி இரண்டு தடவை கண்ணாடியில் அடித்தான். அந்தக் கண்ணாடியை நான்தான் பார்த்துப் பார்த்து வாங்கிப் போட்டேன், கீறல்கூட விழவில்லை. அதற்குப்பின் அடிக்கிற அளவுக்கு அவனுக்கு மூச்சு இல்லை. மைக்குக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவன் குரல் தாழத் தாழ ஒலியளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனேன். அது தொழில் பழக்கம். ஒரு நாடா முப்பத்து மூன்று நிமிஷம்தான் ஓடும்; அதனால் நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு எழுந்தேன். அந்த நேரம் முழுக்க நான் நாற்காலியை விட்டு எழுந்தது அந்த ஒரு தடவைதான்.

மொத்தம் நாற்பத்தொரு நிமிஷம். பிறகு கதவைத் திறந்தேன், கைப்பிடியைத் திரும்ப மாட்டினேன், இன்ஹேலரை அவன் கையில் வைத்து விரல்களை மூடினேன், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வந்த டாக்டருக்கு அவன் நோய் தெரியும். எல்லாருக்கும் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை. சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நெரெய்தா என் மார்பில் சாய்ந்து அழுதாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களேண்ணே, அது ஒண்ணுதான் ஆறுதல்," என்றாள். அவன் போன அன்றைக்கே அந்த இனிப்புப் பயறையும் நான் தின்றுதான் முடித்தேன். வீணாக்கினால் அவளுக்குப் பிடிக்காது.

'மழைநாளுக்கு' மே மாதம் வெளிவந்தது. பழைய குரலில், பழைய வார்த்தைகளில், நான் வைத்த வரிசையில். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். ஜூன் முழுக்க எந்த மூலைக்கடைக்குப் போனாலும் அதுதான். டாக்ஸி டிரைவர்கள் அழுதார்கள். ரேடியோவில் ஒரு பெண், பதினான்காவது பாட்டில் குரல் எழுமுன் வரும் அந்த மூச்சைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசினாள். காதலில் தோற்ற மனிதன் ஒருவன் கடைசியாகத் தன்னைத் திரட்டிக்கொள்கிற மூச்சு என்றாள். நன்றாகச் சொன்னாள். பாட்டுக்குக் குறைந்திருந்த மூச்சு அதுதான். சரியாகப் பொருந்தியது. இரண்டாவது நாடாவில், மொத்தக் கணக்கில் முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் இருந்து எடுத்தேன்.

நெரெய்தா அதை அழகு நிலையத்தில் கேட்டிருக்கிறாள். தலையில் சுருட்டிய கிளிப்புகளோடு அப்படியே எழுந்து கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"அண்ணே, அந்த மூச்சு பாடுறதுக்கு எடுத்த மூச்சு இல்ல."

"என்னம்மா சொல்ற?"

"பத்தொம்பது வருஷம் அந்த ஆள்கூடப் படுத்திருக்கேன். எது பாட்டு மூச்சு, எது முட்டுற மூச்சுன்னு எனக்குத் தெரியாதா? அது எப்படி ஒங்க மிஷின்ல வந்துச்சு?"

நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை. புகார் சொல்ல நேரே உங்களிடம் வந்துவிட்டாள். கெட்டிக்காரி, அந்தக் காது காதியோவுக்கே கிடையாது.

ஒரு பிரதி எடுத்து ஒளித்து வைத்திருக்கலாமே, பாட்டும் பிழைத்திருக்கும், ஆளும் பிழைத்திருப்பானே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எடுத்து வைத்திருந்தேன். பிப்ரவரியிலேயே, அவன் நோட்டுப் புத்தகத்தோடு வந்துபோன மறுநாளே, பதினான்குக்கும் இரண்டிரண்டு பிரதி. இப்போதும் என் அலமாரியில் இருக்கின்றன. ஆகவே பாட்டைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நான் சொன்னால் உங்கள் குமாஸ்தாகூட எழுத மாட்டார். சொல்லவும் இல்லை. கைப்பிடி ரிப்பேருக்கும் போகவில்லை. என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. நான் செய்தேன், தெரிந்து செய்தேன், திங்கட்கிழமையிலிருந்து யோசித்துச் செய்தேன்.

அப்புறம் ஏன் என்றால், அவனுக்கு இன்னொருவர் கிடைத்துவிட்டார், மேடம். இருபது வருஷம் நானும் அவனும் ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து செய்ததை, நேற்று வந்த ஒருவருக்காகப் பாவம் என்றான். அந்த வியாழக்கிழமை நாடாக்கள் இரண்டையும் உங்கள் ஆட்கள் எடுத்துப்போயிருக்கிறார்கள். பத்திரமாக வையுங்கள், வெயில் படக் கூடாது. சாகும்போது அவன் ஜெபம் செய்தானா என்று நெரெய்தா வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். என்னைவிட அதைச் சரியாகச் சொல்ல ஆளில்லை. முதலில் திட்டினான். அப்புறம் கெஞ்சினான். பாஸ்டர் சொல்லிக்கொடுத்தது ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை. கர்த்தரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பதினோரு தடவை, எண்ணிப் பாருங்கள். பதினோரு தடவையும் அவன் என்னைத்தான் கூப்பிட்டான்.