நேற்று அமெரிக்காவாகப் பேசியவள்

கணபதி நிறுத்தத்தில் பஸ் ஏறிய கல்லூரிப் பெண், என் முன்சீட்டில் இருந்த தன் தெருக்காரப் பெண்மணியின் பக்கத்தில் உட்கார்ந்ததுமே சொன்னாள்: "நேத்து நான்தானுங்க அக்கா அமெரிக்கா!"

"அதென்ன கண்ணு?"

"உலக அரசியல் கிளாஸுங்க. எங்க மேடம் ஆளுக்கொரு நாட்டைக் கொடுத்து, அதுக்காகப் பேசச் சொல்லுவாங்க. யாருக்கு எது புடிக்காதோ, அதைத்தான் கொடுப்பாங்க."

"நம்ம சரக்குக்கு அவங்க வரி போட்டதுலதான உங்கப்பா பட்டறைக்கு ஆர்டரே நின்னுபோச்சு?"

"அதனாலதானுங்க எனக்குக் கொடுத்தாங்க. முடியாதுன்னு அழுதுபோட்டேன். 'ஏன் போட்டாங்கன்னு தெரியாம எப்படி எதிர்த்துப் பேசுவே'ன்னாங்க மேடம். அப்புறம் படிச்சுப் பார்த்தா, அங்கயும் வெளிநாட்டுச் சரக்கு மலிவா வந்து, நம்மளாட்டவே பட்டறைகளை மூடிப்போட்டு உக்காந்திருக்காங்க. அதைச் சொன்னேன். இந்தியாவாப் பேசுன பையன் அதை நோட்டுல குறிச்சுக்கிட்டானுங்க."



"உங்கப்பாகிட்டச் சொன்னியா?"

"பயந்துட்டேதானுங்க சொன்னேன். சாப்பிடறதை நிறுத்திப்போட்டு முழுசாக் கேட்டாரு. அப்புறம், 'செரி அமெரிக்கா, நான் என்ன சொன்னா நீ வரியை எறக்குவே?'ன்னாரு."

"நீ என்ன சொன்னே?"

"இன்னும் பேசிட்டுதானுங்க இருக்கறோம்."