தெருமுனைதோறும் தளர்ந்த மேளத்தோல்

அன்பும் அதட்டலும் அளவறிந்து கலந்த அறுவை வித்தகரே! அடைபட்ட பெருந்தமனிகளில் மறுபடி குருதி பாய வழிகண்ட வல்லவரே! உருகுவேயின் தலைநகர் மொண்டேவிடியோவின் தென்பேட்டையில் பிறந்து, அதன் மக்களின் கால்களுக்கே காவலாய் நின்ற டாக்டர் மிர்த்தா எச்செவெரி அம்மையீர், வணக்கம்!

"காலுறையைக் கழட்டுங்க, அப்புறம் பேசலாம்." எந்த நோயாளியையும் தாங்கள் இப்படித்தானே வரவேற்றீர்கள்! வயிற்றுவலிக்காரரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த அந்த வராந்தாவை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தாங்கள் ஓய்வுபெற்றுச் செல்வதால் நாளை முதல் அங்கே எல்லோரும் காலுறையோடு இருப்பார்களே!

வில்மார் சில்வேராவை மறப்போமா! கார்னிவல் ஊர்வலத்தில் முன்வரிசை மேளக்காரர். தோல் தளர்ந்தால் தெருவோரம் காகிதம் கொளுத்திச் சூடேற்றி முறுக்கிக்கொள்வது நம் மேளக்காரர் வழக்கம். ஓர் ஆண்டு ஒத்திகையில் அவர் மட்டும் தோல் தளர்ந்துவிட்டதென்று சொல்லித் தெருமுனைக்குத் தெருமுனை நின்றார். பால்கனியிலிருந்து பார்த்த தாங்கள் இறங்கி வந்தீர்கள். நடந்ததை அவரே எங்களுக்கு நடித்துக் காட்டியிருக்கிறார்.

"மத்தவங்க தோலெல்லாம் கிண்ணுனு இருக்கு. உங்களது மட்டும் ஏன் வில்மார் தளருது? கெண்டைக்கால் வலியா?"

"முதுகெலும்பு தேஞ்சிருக்குன்னாங்க டாக்டரம்மா. கொஞ்சம் நின்னா சரியாயிடுது."

"நின்னாலே சரியாகுதுன்னா அது முதுகு இல்ல. செருப்பைக் கழட்டுங்க."

நடுத்தெருவில் பாதத்தைத் தொட்டீர்கள்; நாடி இல்லை. ஸ்கேனில் தெரிந்தது: சிறுநீரகங்களுக்குச் சற்று மேலே, பெருந்தமனிக்குள் சுண்ணாம்பு பவளப்பாறைபோல் வளர்ந்து வழியை மறித்திருந்தது. விட்டால் சிறுநீரகமும் கெடும், காலும் போகும். இடுக்கி போட மெத்தென்ற இடம் தேடித் தங்கள் விரல் அந்தக் கெட்டித் தமனிமேல் ஊர்ந்தபோது நாங்கள் மூச்சு விடவில்லை. இடம் கண்டு, குருதியை நிறுத்தி, தமனியைத் திறந்து, சுண்ணாம்புக் கட்டியைப் பெயர்த்தெடுத்துத் தைத்தீர்கள். பிறகு முகமூடியும் கழற்றாமல் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"துடிக்குது" என்றீர்கள். அன்று அழாதவர் அங்கே யாருமில்லை, தங்களைச் சேர்த்துத்தான்.

மறு கார்னிவலில் வில்மார் எங்கும் நிற்காமல் நடந்தார். "இப்ப மூச்சு வாங்குறது அவனுங்கதான்!" என்று இன்றும் கூட்டாளிகளைச் சீண்டுகிறார்.

அம்மையீர், அத்தனை பேரை நடக்க வைத்த தாங்கள் நோயற்ற நெடுவாழ்வு வாழ்ந்து, கடற்கரைச் சாலையில் கால் சலிக்காமல் நடந்திட வேண்டுகிறோம்! தங்களை வீடுவரை அழைத்துச் செல்ல வில்மாரின் குழு வாசலில் நெருப்பு மூட்டிக் காத்திருக்கிறது. மேளங்கள் சூடேறிவிட்டன, எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய பழைய பொய்யை இன்று நாங்கள் இரவல் வாங்கிக்கொள்கிறோம்: தோல் இன்னும் தளர்ந்தே கிடக்கிறது, டாக்டரம்மா. கொஞ்சம் நின்று போங்கள்.

என்றும் தங்கள்,
இரத்தநாள அறுவைப் பிரிவு ஊழியர்கள்