எதிர் மலையை வரைந்தவன்

விசில் மாதிரி ஒரு சத்தம். நீளமாக. பிறகு இடி. வாயெல்லாம் மண்.

"குனிடா! பங்கருக்குள்ள வாடா!" முருகேசன் கத்துகிறான். சின்னசேலத்துக்காரன். எங்கள் பிரிவில் என்னோடு தமிழ் பேச அவன் ஒருத்தன்தான். வரைபலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறேன். வடக்கு எல்லை. சித்திரை மாதம். அப்போதுதான் விடிந்திருந்தது.

நான் ஓவியன். கள்ளக்குறிச்சியில் கடைகளுக்குப் போர்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளிமலை பஸ். கல்வராயன் மலையை வரைவேன். யாரும் சொல்லித்தரவில்லை. மழைக்கு முன்னால் தூரத்து மலை கிட்டே வந்து நிற்கும். பனிக்காலையில் தள்ளிப் போய்விடும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நீலம் கலக்கக் கற்றேன்.

ராணுவத்தில் பெயின்டராக எடுத்தார்கள். வண்டிகளுக்கு நம்பர் எழுதினேன். சாப்பாட்டுக்கூடச் சுவரில் எங்கள் மலையை வரைந்தேன். அதிகாரி அதைப் பார்த்தார். எல்லைக்கு அனுப்பினார். எதிர் மலையை அப்படியே வரைய வேண்டும். எந்தப் பாறை, எந்த மரம், ஆள் எங்கே ஒளியலாம். பீரங்கிக்காரர்களுக்கான படம். அழகு வேண்டாம் என்றார்.

இரண்டாவது குண்டு. இந்த முறை விசில் இல்லை. முருகேசன் பங்கர் வாசலில் நிற்கிறான். வெளியே விழுந்து கிடந்த சமையல்காரர் பல்பீரை இழுக்கிறான். "கைய குடுங்க! கைய..."

அவ்வளவுதான் கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. என் இடது காதில் இன்றைக்கும் இல்லை.

ஷெல்லடி ஓய்ந்ததும் அதிகாரி வந்தார். அங்கே போன், கேமரா எதற்கும் அனுமதி கிடையாது. இருந்தது இருந்தபடி வரையச் சொன்னார். அதுவரை நான் மனிதர்களை வரைந்ததே இல்லை. முருகேசனை வரைந்தேன். அவன் விரல்கள் பல்பீரின் சட்டையை விடவில்லை. என் கை நடுங்கவேயில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

விடுப்பில் சின்னசேலம் போனேன். முருகேசனின் மனைவி செல்வி கேட்டாள்.

"கடைசியா இன்னா பண்ணிக்கினு இருந்தாருண்ணா?"

"ஒருத்தர உள்ள இழுத்துக்கினு இருந்தான்."

"அவரு பொழச்சாரா?"

"இல்லம்மா."

பிறகு சொன்னாள். "அப்ப தனியா போவல."

இப்போது ஊரில் இருக்கிறேன். மலை வரைய உட்கார்ந்தால் ஆள் ஒளிகிற இடத்தைத்தான் கண் தேடுகிறது. அதனால் அன்று பார்த்ததையே வரைகிறேன்.

படத்தின் அடியில் எழுதிவைக்கிறேன், போனவை இவை. முருகேசன். பல்பீர். தண்ணீர் சுமந்த கோவேறு கழுதை. என் ஒரு காது. செய்தி வந்த வாரத்தில், செல்வியின் வயிற்றிலிருந்த பிள்ளை.

"அதையும் சேத்து எழுதுங்கண்ணா" என்றாள்.