மூச்சு முட்டாத குளிசை

தீவில் பிறந்து வளர்ந்தவன் என்றாலும் எனக்கு நீந்தத் தெரியாது. வேலணையில் எங்கள் வீட்டிலிருந்து சாட்டிக் கடற்கரைக்கு நடந்தே போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் குளிப்பார்கள். நான் கரையில் செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். ஆகவே நான் யாரையும் கடலுக்குள் கொண்டுபோனேன் என்ற பேச்சுக்கு இடமில்லை. இதை நீங்கள் உங்கள் பொலிஸ் அறிக்கையில் முதலிலேயே எழுதிக்கொண்டால் நல்லது.

என் தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வைத்தியர், ஆனால் நோயாளிகளைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் பல வருடங்கள் போர் விமானிகளின் உடலைப் பற்றி ஆராய்ந்தேன். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. விமானியின் முகமூடியில் சிறு கோளாறு வந்தால் போதும், ஒட்சிசன் குறைந்துவிடும். அவருக்கு வலிப்பதில்லை, பயம் வருவதில்லை. ஒரு சந்தோஷம்தான் வரும். கை பிழையான விசையை அழுத்தும். தான் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறேன் என்றே நம்புவார். அப்படி மலையில் மோதி இறந்த ஓர் இளம் விமானியின் கடைசிக் குரல்பதிவை நான் கேட்டிருக்கிறேன். அவன் பாடிக்கொண்டிருந்தான்.

இதைத் தடுக்க ஒரு குளிசை, அதாவது ஒரு மாத்திரை, செய்தார்கள். நிறுவனத்தின் பெயர் உங்களிடம் இருக்கிறது. ஒட்சிசன் குறைந்தாலும் அந்தக் குளிசை மூளையைத் தெளிவாக வைத்திருந்தது. மூச்சு முட்டும் உணர்வையும் அடக்கியது. ஒன்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. அந்தத் தெளிவு எப்படி முடிகிறது? மெல்ல மங்கி, விமானிக்கு எச்சரிக்கை தருமா? அல்லது விளக்கை அணைத்ததுபோல் ஒரேயடியாக முடியுமா? மெல்ல மங்கினால் அது மருந்து. ஒரேயடியாக முடிந்தால் அது பொறி.

ஊர்காவற்றுறையில் ஒரு பழைய கல்வீட்டை வாடகைக்கு எடுத்துச் சோதனைகளைத் தொடங்கினேன். கடலடியில் மூழ்கித் தொழில் செய்யும் சுழியோடிகளைத் தெரிவுசெய்தேன். குறைந்த காற்றுக்கு அவர்களின் உடல் பழகியிருக்கிறது. கதிரையில் இருத்தி, மெலிந்த காற்றை முகமூடி வழியாகக் கொடுப்போம். எதிரே வண்ண விளக்குகள் எரியும். எரிகிற விளக்குக்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். இரத்தத்தில் ஒட்சிசன் ஓர் எல்லைக்குக் கீழே போனதும் முகமூடியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. நான் அந்த விதியை ஒருநாளும் மீறவில்லை. எனது தாதி கிருசாந்தி அதற்குச் சாட்சி. ஆனால் நாங்கள் தேடிய விடை அந்த எல்லைக்கு அப்பால் இருந்தது.

அன்ரனிதாஸ் சங்கும் கடலட்டையும் எடுப்பவர். மற்றவர்கள் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்க, அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே இறங்குவார். "சிலிண்டர் முதுகில கிடந்தா ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு, டொக்டர்" என்பார். நன்றாகச் சிரிக்கக்கூடியவர். அவரை எனக்குப் பிடிக்கும்.

இந்தச் சோதனை யாருக்காக என்று ஒருநாள் கேட்டார்.

"விமானம் ஓட்டுறவைக்கு" என்றேன்.

"ஆக்களை ஏத்திற விமானமோ?"

"ஓம்" என்றேன்.

போர்க்காலத்தில் குண்டுவீச்சைக் கண்ட இந்தத் தீவுகளில் மேலே ஓர் இரைச்சல் கேட்டால் இன்றும் நடு வயதுக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். அவரை வீணாகக் குழப்ப நான் விரும்பவில்லை.

குளிசை கொடுத்த முதல் நாளில் அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "டொக்டர், மூச்சு முட்டினதே தெரியேல்லை. இதைப் போட்டுக்கொண்டு அடியில இறங்கினா எவ்வளவு நேரம் நிக்கலாம்!"

"அது கூடாது. கடலுக்கு இதைப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. விளங்கிச்சுதோ?" என்றேன். கிருசாந்தி பக்கத்தில் நின்றாள். அவள் கேட்கும்படியாகத்தான் சொன்னேன்.

பிறகு அவளை அடுத்த அறைக்கு அனுப்பினேன். குளிசைப் போத்தலை யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஓர் அழைப்பு எடுக்க வேண்டும் என்று வளவுக்குள் இறங்கினேன். யாரையும் அழைக்கவில்லை. பூவரச மரத்தடியில் நின்று, ஒரு மனிதர் தனக்கு வேண்டியதை எடுக்க எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று யோசித்தேன். திரும்பி வந்தபோது அன்ரனிதாஸ் சேட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போத்தல் பாரம் குறைந்திருந்தது. அதை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். திருடினார் என்று ஒருவரை அவமானப்படுத்துவது என் வழக்கமில்லை.

அவர் போகும்போது ஒரு கைப்பட்டியைக் கட்டிவிட்டேன். நாடித்துடிப்பையும் இரத்தத்தின் ஒட்சிசனையும் பதியும் கருவி. "உம்மடை நித்திரையை அளக்கிறதுக்கு. கழட்டாதையும், தண்ணியிலயும் ஒண்டும் ஆகாது" என்றேன்.

எழுவைதீவுக்கு அப்பால், சில வாரங்கள் கழித்து அவர் இறங்கிய இடத்தில் கடல் ஆழமில்லை. உடலைக் கரைக்குக் கொண்டுவந்தபோது அவருடைய வாய் சற்றே திறந்திருந்தது. நான் தகவல் கேட்டு ஓடினேன். வைத்தியர் என்பதால் விலகி வழிவிட்டார்கள். மண்டியிட்டு நாடி பார்த்தேன். பார்க்கும் சாக்கில் பட்டியின் கொளுவியைத் தளர்த்தி உள்ளங்கைக்குள் எடுத்துக்கொண்டேன்.

அவருடைய மனைவி மேரிசுகந்தி அழவில்லை. இறந்தவரின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலில் கறுத்த கையில் பட்டி இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடந்தது.

"இதில கிடந்தது எங்க, டொக்டர்?"

"கடலில கழண்டிருக்கும், பிள்ளை."

அவள் என் மூடிய கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. இந்த ஊரில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரியாமல் இருப்பது பெரிய தொந்தரவு. கடைக்காரர் மிச்சக் காசைக் கையில் தராமல் மேசையில் வைத்தார். படகுத்துறையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். கிருசாந்தி என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவரத் தொடங்கினாள். ஏன் என்று கேட்டேன். "இஞ்சத்தைத் தண்ணி உப்பு" என்றாள். அது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பும் உப்பாகத்தான் இருந்தது.

பட்டியில் இருந்த பதிவைத் திரையில் பார்த்தேன். ஒட்சிசன் இறங்கிக்கொண்டே போகிறது. நாடி அமைதியாகவே இருக்கிறது. ஒரு பதற்றம் இல்லை, மேலே வரும் முயற்சி இல்லை. பிறகு விளக்கு அணைகிறது. அவர் துன்பப்படவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். மேரிசுகந்தியிடம் அதைச் சொல்ல முடியாமல் போனது எனக்கு வருத்தம்.

அன்ரனிதாசின் தமையன் சவிரிமுத்து ஒரு காலைப்பொழுதில் வந்தார். அவரும் சுழியோடிதான், ஆனால் என் சோதனைகளுக்கு வர மறுத்தவர். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"தம்பிக்கு மூச்சு முட்டினா மேல வரத் தெரியும். சின்னனில நான்தான் பழக்கினனான். ஏன் வரேல்லை?"

"கடல்தானே, அண்ணை. என்னெண்டு சொல்லிறது?"

"கையில என்னத்தையோ கட்டிவிட்டிருக்கிறியள். சுகந்தி சொன்னவ. அதில கரண்ட் ஏதும் பாஞ்சிருக்கோ?"

எனக்கு மூச்சு வந்தது. அவர் சந்தேகப்பட்டது பட்டியைத்தான். குளிசையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அதே மாதிரி ஒண்டை எனக்குத் தாங்கோ" என்றார். "நான் கட்டிக்கொண்டு தம்பி இறங்கின இடத்தில, அவனை மாதிரியே சிலிண்டர் இல்லாம இறங்கிப் பாக்கிறன். இண்டைக்கே."

பட்டியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவரிடம் விளக்கியிருக்கலாம். அவர் கேட்கக்கூடிய மனநிலையில் இல்லை. நான் அன்ரனிதாசின் பட்டியையே எடுத்துக் கட்டிவிட்டேன். பிறகு, வெறும் வயிற்றோடு கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிக் குசினிக்குப் போனேன். கரண்டியின் பின்பக்கத்தால் குளிசைகளை நசித்தேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் போட்டேன். அவர் கனத்த உடம்புக்காரர். சீனியும் நிறையப் போட்டேன். சவிரிமுத்து தேநீரைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் ஒரு வீட்டில் தந்ததை மறுக்கக்கூடிய மனிதர் அல்ல. நின்றபடியே குடித்தார். "தாங்ஸ், டொக்டர்" என்று கோப்பையை நீட்டினார்.

அந்தக் கோப்பையைக் கழுவும்படி கிருசாந்தியிடம் கொடுத்தேன். அவள் கழுவவில்லை. இப்போது அது உங்கள் மேசையில் இருக்கிறது.

படகில் அவரோடு போனவர் உங்களிடம் சொல்லியிருப்பார். தண்ணீர் தெளிவாக இருந்ததாம். அடியில் பாசிக்கு மேலே நின்றுகொண்டு சவிரிமுத்து மேலே பார்த்துக் கையசைத்தாராம். ஒன்றும் பிரச்சினை இல்லை என்பதற்குச் சுழியோடிகள் காட்டும் சைகை. மறுபடியும் காட்டினாராம். அதன் பிறகு குப்புறச் சாய்ந்தாராம். இம்முறை பட்டியை மேரிசுகந்தி எனக்கு முன்னால் கழற்றிவிட்டாள். நேராக உங்களிடம் கொண்டுவந்திருக்கிறாள். அதிலுள்ள பதிவை ஒருமுறை பார்க்க அனுமதிப்பீர்களா? முதற்பதிவோடு ஒத்துப்போகும் என்றுதான் நினைக்கிறேன். ஒருவரின் சாவை மட்டும் வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது, இரண்டாவது வேண்டும். எங்கள் துறையில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இனி நீங்கள் கேட்ட தொலைபேசி அழைப்பு. ஓம், அது உண்மை. அன்ரனிதாசை அடக்கம் செய்து சில நாட்களில் நிறுவனத்தவர் அழைத்தார்கள். தங்கள் ஆய்வுகூடத்தில் விலங்குகளை வைத்துப் பார்த்துவிட்டார்களாம். ஒரேயடியாகத்தான் முடிகிறதாம். எந்த விமானிக்கும் அந்தக் குளிசையைக் கொடுக்கப்போவதில்லை, திட்டம் முடிந்தது, மீதியை எரித்துவிடுங்கள் என்றார்கள். சரி என்றேன். சவிரிமுத்து என் வாசலுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

தேநீரைக் குடிப்பதற்கு முன்னால் அவர் இன்னொன்றும் சொன்னார். கிருசாந்தி கேட்டிருக்கிறாள், ஆகையால் மறைப்பதில் பயனில்லை. "கடலால வந்த உடனை இந்தப் பட்டியையும் கொண்டு நேர பொலிசுக்குத்தான் போவன்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குளிசைகளை அவருடைய தேநீரில் கலந்தது நான்தான்; அதற்கான கையெழுத்தை இப்போதே போடுகிறேன். ஆனால் அவருடைய வாயை மூடுவதற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது பொய்யாகிவிடும். நான் அந்த விமானிகளைக் காப்பாற்றுவதற்காகவே செய்தேன்.